குளிரவிட்ட பிள்ளை

அன்புவழிபுரம்,
12.01.2025

மச்சாளுக்கு,

முதல் தாளில் "அன்புள்ள" என்று எழுதி, அந்தத் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டேன். இது இரண்டாவது தாள்.

போனில் கதைத்திருக்கலாம். ஒக்டோபரிலிருந்து உங்கள் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறேன், அது உங்களுக்கும் தெரியும். அந்தத் தடையை எடுத்துவிட்டாலும் நான் கத்துவேன். தாளில் கத்த ஏலாது. உங்கள் தம்பிதான் இதைக் கொண்டுவருவார். "ரெண்டு பேரும் ஒரு மாவட்டத்துக்குள்ள இருந்துகொண்டு கடிதம் எழுதுறியள். நான் ஆர், தபால் கந்தோரா?" என்று கேட்டார். துறைமுகத்தில் பெரிய கப்பல்களை இழுத்து வருகிற மனுஷன், ஒரு கடித உறையைத் தூக்கினால் என்ன?

மகன் பற்றிக்குக்கு நேற்றோடு ஏழு மாதம் முடிந்தது. பொத்தின இடது கை இன்னும் விரியவில்லை. நான் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட, அது திரும்ப மூடிக்கொள்கிறது. தலை நிற்கவில்லை. பெப்ரவரி மூன்றாம் திகதி கிளினிக். பிறந்த அன்று நடந்ததை நேரம் நேரமாக எழுதிக்கொண்டு வரச்சொல்லி டொக்டர் சொல்லியிருக்கிறார். அந்த நாளில் இரண்டே முக்கால் மணித்தியாலம் எனக்குத் தெரியாது. அது உங்களிடம் இருக்கிறது.

எனக்குத் தெரிந்தது இவ்வளவு. ஜூன் பதினொன்று பகல் 1.50க்குப் பிறந்தான். கொப்பூழ்க்கொடி அழுத்தப்பட்டு மூளைக்குப் போகிற குருதி குறைந்துவிட்டது. பிறந்தவுடன் அழவில்லை. உடம்பைக் குளிர்விக்கிற மெத்தை வெளிமாவட்டத்துப் பெரியாசுபத்திரியில்தான் இருந்தது. ஆறு மணித்தியாலத்துக்குள், அதாவது 7.50க்குள், அதில் கிடத்தவேண்டும். அதுவரைக்கும் சூடு காட்டாமல் வெறும் உடம்பாய் வைத்திருக்கச் சொல்லித்தான் அம்புலன்ஸில் ஏற்றினார்கள். ஆசுபத்திரித் துண்டில் எழுதியிருக்கிறது: 4.40க்கு வெளிக்கிடும்போது உடல் வெப்பம் 35.1. 7.25க்குப் போய்ச் சேரும்போது 37.4.

கம்பஸில் நாலு வருஷம் உயிரியல் படித்தவள் நான். அந்த இரண்டு இலக்கத்தையும் ஞானஸ்நானத்துக்கு முதல் நாள்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வெறும் உடம்பாய்க் கிடந்த பிள்ளை தானாகச் சூடேறாது.

ஏன் இதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று சொல்லவேண்டும், இல்லாவிட்டால் விசர் என்று நினைப்பீர்கள். மூளையில் ஒரு நரம்புக்கலம் மற்றக் கலத்தோடு கதைப்பது ஒரு இரசாயனத்தால். குளுட்டமேற்று என்று பெயர். ஒரு சொட்டு விடும், மற்றக் கலம் கேட்கும், உடனே அந்தச் சொட்டைத் திரும்ப உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். எடுக்கிறதுக்குச் சக்தி வேண்டும். குருதி குறைந்தால் சக்தி இல்லை. அப்போது விட்டதைத் திரும்ப எடுக்க ஏலாது, பிடித்து வைத்திருந்ததைப் பிடித்து வைக்கவும் ஏலாது. எல்லாக் கலமும் ஒரே நேரத்தில் கையில் உள்ளதைக் கொட்டிவிடும். கேட்கிற கலத்தின் வாசல்கள் மூடாமல் திறந்தபடி நிற்கும். கல்சியம் உள்ளே பாயும். பாய்ந்து பாய்ந்து அந்தக் கலம் தன்னைத்தானே செரிக்கத் தொடங்கும். மூளை கதைத்துக் கதைத்தே சாகிறது மச்சாள்.

குருதி திரும்ப ஓடத் தொடங்கினால் முடிந்ததென்றும் இல்லை. கொஞ்சம் அடங்கும். பிறகு ஆறு மணித்தியாலமளவில் அழிவு இரண்டாந்தரம் எழும்பும். அந்த இடைவெளிக்குள் உடம்பைக் குளிரவிட்டால் கலங்கள் குறைவாய்க் கொட்டும், குறைவாய்ச் சாகும். அதற்குத்தான் அவனை உடுப்பு உரித்துக் கிடத்தினார்கள்.

ஆர் போர்த்தினது, எதால், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம்? இந்த நாலையும் மட்டும் எழுதுங்கோ.

சுதர்ஷிகா


குச்சவெளி,
18.01.2025

சுதர்ஷிகாவுக்கு,

சுகம் விசாரிக்கத் தொடங்கினால் நடிப்பாகிவிடும். விடுவோம்.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். இரசாயனப் பெயர் வாயில் நுழையவில்லை, ஆனால் கொட்டுகிறது விளங்கியது. நான் ஓ.எல். மட்டும் படித்தவள். கருவாடு காயப்போடுகிறவள். கேட்ட நாலுக்கும் ஒழுங்காய்ப் பதில் சொல்கிறேன்.

நான்தான் போர்த்தினேன். இதை ஒக்டோபரிலேயே சொல்லியிருப்பேன், நீங்கள் கேட்டிருந்தால். நீங்கள் கேட்கவில்லை. கோயிலுக்குள், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஃபாதருக்கு முன்னால், "இவ என்ர பிள்ளையத் தொடக்கூடாது" என்று சொன்னீர்கள். ஞானத்தாயாக நிற்கப் புதுச் சீலை கட்டி வந்தவள் நான். உங்கள் அடுத்த வீட்டு லதுஷா மெழுகுதிரி பிடிக்க, நான் கடைசி வாங்குப் பலகையில் இருந்துவிட்டு வெளியே வந்தேன். தம்பி றிக்சன் வாசலுக்கு வந்து "அக்கா, ஒரு ரோல்ஸாவது சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்றான். அவனுக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்?

அம்புலன்ஸில் ஒரு ஆள்தான் ஏறலாம் என்றார்கள். றிக்சன் உங்களோடு நிற்க நான் ஏறினேன். கிண்ணியாப் பக்கத்துக் கர்ப்பிணி ஒருத்தியையும் அதிலேயே ஏற்றினார்கள். தம்பலகாமத்துக்குக் கிட்டப் போகும்போது அவவுக்கு இரத்தம் போகத் தொடங்கிவிட்டது. நேர்ஸ் ஒரு ஆள். அவ என்ன செய்வா? "அக்கா, பிள்ளையின்ர நெஞ்சு ஏறி இறங்குதா எண்டு மட்டும் பாத்துக்கொண்டு இருங்கோ. மூடவேண்டாம்" என்று சொல்லிவிட்டு அந்தக் கர்ப்பிணியிடம் போனா. ஓம், மூடவேண்டாம் என்று சொன்னவ. மறைக்கமாட்டேன். ஏன் என்று சொல்ல அவவுக்கு நேரம் இருக்கவில்லை. எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

சந்தி கடந்து கொஞ்சத் தூரத்தில் வாகனம் நின்றது. யானை. இரண்டு பெரிசு, ஒரு குட்டி, ரோட்டுக்கு நடுவில். சாரதி சைரனை நிற்பாட்டி, லைற்றையும் நூர்த்துவிட்டார். வெளியில் கொப்பு முறிகிற சத்தம். உள்ளே அந்தப் பெண் முனகுகிறா. உங்கள் பிள்ளையிடம் ஒரு சத்தமும் இல்லை. நெஞ்சு ஏறி இறங்குகிறது, அவ்வளவுதான். நான் காலைத் தொட்டுப் பார்த்தேன்.

சுதர்ஷிகா, ஐஸ் பெட்டிக்குள் கை விட்டு மீன் எடுக்கிறது என் தொழில். குளிர்ந்த மீன் கைக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவனுடைய கால் அப்படி இருந்தது.

மஞ்சள் பிளனல் துணியால் சுற்றினேன். மூலையில் நீல நூலால் மீன் தைத்தது. பிறகு சட்டையைத் திறந்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னம். யானை இருபது நிமிஷம் நின்றது. அது போனபிறகும் நான் இறக்கவில்லை. ஆசுபத்திரி வாசலில் நேர்ஸ் கண்டு, துணியை உருவி என் மடியில் எறிந்துவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினா. அப்போதுதான் பிழை செய்துவிட்டேன் என்று தெரிந்தது. என்ன பிழை என்று உங்கள் கடிதத்தில்தான் அறிந்தேன்.

அவனுடைய கால் என் நெஞ்சில் மெல்ல மெல்லச் சூடாகி வந்தது. நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். அந்த நன்றியை இப்ப என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அருள்மலர்


அன்புவழிபுரம்,
22.01.2025

மச்சாள்,

மூடவேண்டாம் என்று சொன்ன பிறகுமா?

இந்த ஒரு வரியோடு அனுப்பியிருப்பேன். றிக்சன் சனிக்கிழமைதான் அங்கே வருகிறார், ஆகையால் எழுத இன்னும் நாள் இருக்கிறது. அது நல்லதில்லை. நாள் இருந்தால் நான் கணக்குப் பார்க்கிறேன். ஆறு மணியிலிருந்து 7.25 வரை எண்பத்தைந்து நிமிஷம். மெத்தையில் அவனைக் கிடத்தினது 7.45. இன்னும் ஐந்து நிமிஷம்தான் இருந்தது. அந்த எண்பத்தைந்து நிமிஷத்தில் எத்தனை கலம்? ஒரு நிமிஷத்துக்கு எத்தனை என்று எங்கேயும் எழுதியில்லை. நான் தேடாத இடமில்லை. உடம்பு சூடாக இருக்க இருக்க அந்தக் கொட்டுதல் கூடும் என்று மட்டும் எல்லாரும் எழுதியிருக்கிறார்கள்.

நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். அது தெரிந்ததால் கோபம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை, போக்கிடமில்லாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறது. நேற்றுக் குசினியில் பால் பொங்கி வழிந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அடுப்பை நிற்பாட்டத் தோன்றவில்லை. வழிகிறது, வழிகிறது என்று மட்டும் நினைத்தேன். றிக்சன் ஓடிவந்து நிற்பாட்டினார்.

அந்தத் துணியைப் பற்றி ஒன்று கேட்க வந்தேன். வேண்டாம், விடுங்கோ.

என் பிள்ளை ஒன்றும் அறியாத பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள். போன கிழமை தொடக்கம் அவன் கும்பிடுகிறான். விடிய நித்திரையால் எழும்பினவுடன் திருஇருதயப் படத்துக்கு முன்னால் மடியில் வைத்திருந்தால், இரண்டு கையையும் முன்னுக்குக் கொண்டுவந்து தலை குனிகிறான். ஒருதரம் இல்லை, பத்துப் பன்னிரண்டு தரம். லதுஷா கண்டுவிட்டு, "இவன் ஃபாதராத்தான் வருவான் பாருங்கோ" என்று சொல்லிச் சிரித்தா. தலை நிற்காத பிள்ளைக்கு அது மட்டும் எப்படித் தெரிகிறது என்று நான் அழுதேன், சந்தோஷத்தில். அந்தப் பக்க மூளையாவது தப்பியிருக்கிறது என்று நினைத்தேன். சிரிப்புத்தான் கொஞ்சம் குறைந்துவிட்டது, பல்லு வருகிறதாக்கும்.

றிக்சன் அதைப் போனில் எடுத்து வைத்திருக்கிறார். உங்களுக்குக் காட்டச் சொல்லியிருக்கிறேன். என் பிள்ளை எப்படி வந்திருக்கிறான் என்று பாருங்கோ. தொடத்தான் கூடாது என்றேன், பார்க்கலாம்.

சுதர்ஷிகா


குச்சவெளி,
26.01.2025, ஞாயிறு

சுதா,

"நீங்கள்" போட்டு எழுத நேரமில்லை. றிக்சன் நேற்றே திரும்பிவிட்டான். இதைக் காலை பஸ் கொண்டக்டர் கையில் கொடுத்துவிடுகிறேன், எனக்குத் தெரிந்த பெடியன். சந்தியில் றிக்சனை நிற்கச் சொல்லியிருக்கிறேன். போனில் அவனிடம் சொன்னால் "அக்கா பயப்படுத்துறா" என்று உன்னிடம் பாதிதான் சொல்லுவான். அதனால்தான் தாளில்.

வீடியோவைப் பார்த்தேன். முதல்தரம் பார்த்து நானும் சிரித்தேன். கையைக் கட்டிக்கொண்டு என்ன அழகு என்றேன். றிக்சன் தேத்தண்ணி குடிக்கப் போனபின் இரண்டாந்தரம் பார்த்தேன். மூன்றாந்தரம் எண்ணினேன். பதினாலு தரம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் அதே அளவு நேரம், ஐந்தாறு செக்கன், மணி அடிக்கிற மாதிரி. குனியும்போது கண் மேலே போகிறது. முடிந்தபிறகு ஒவ்வொரு தரமும் முகம் சுளித்து அழப் பார்க்கிறான்.

பதினொரு வருஷமாய் ஞாயிறு மறைக்கல்வியில் சின்னப் பிள்ளைகளுக்குக் கை கூப்பப் பழக்குகிறவள் நான். மூன்று வயதுப் பிள்ளையே கூப்பின கையை அரை நிமிஷம் வைத்திருக்காது, மூக்கைக் கிண்டும். கும்பிடுகிற பிள்ளை படத்தைப் பார்க்கும், இல்லாவிட்டால் அம்மாவைப் பார்க்கும். இவன் ஒருத்தரையும் பார்க்கவில்லை.

சுதா, அது கும்பிடு இல்லை.

முன்வீட்டு றுக்கியாவின் மகன் றிப்தியை உனக்குத் தெரியும். சக்கரக் கதிரையில் இருக்கிற பிள்ளை, ஒன்பது வயது. அவன் கைப்பிள்ளையாய் இருக்கும்போது இப்படித்தான் குனிந்தவன். நாங்கள் கும்பிடு என்கிறோம், அவர்கள் வயிற்றுக்குத்து என்றார்கள். மூன்று மாதம் ஓமத்தண்ணி கொடுத்தார்கள். பிறகுதான் அது ஒரு வகை வலிப்பு என்று டொக்டர் சொன்னவர். ஒவ்வொரு நாளும் பிந்தப் பிந்த, பிள்ளை பழகினதையெல்லாம் மறந்துகொண்டு போகுமாம். முதலில் போகிறது சிரிப்பாம்.

என் போனில் வாங்கி வைத்த வீடியோவை இன்று விடிய றுக்கியாவுக்குக் காட்டினேன். பார்த்து முடித்துப் போனைப் பாயில் கவிட்டு வைத்தா. பிறகு, "பிள்ளய இண்டைக்கே கொண்டு போகச் சொல்லு புள்ள. நாளைக்கு எண்டு சொல்ல விடாத. நான் நாளைக்கு நாளைக்கு எண்டுதான் இருந்தனான்" என்றா.

மூன்றாந்திகதி வரை பார்த்திருக்காதே. என்னில் உள்ள கோபத்தை அப்படியே வைத்திரு, நான் எங்கேயும் போகமாட்டேன். பிள்ளையைக் கொண்டு போ.

அக்கா


அன்புவழிபுரம்,
26.01.2025, பின்னேரம்

மச்சாள்,

உங்களுக்கு எவ்வளவு மனம் வந்தது! ஏழு மாதத்தில் என் பிள்ளை செய்த ஒரே ஒரு வடிவான காரியம் அது. அதையும் வலிப்பு என்கிறீர்கள். அன்றைக்கு நேர்ஸ் சொன்னதைக் கேட்காதவ இன்றைக்கு எனக்கு டொக்டர்! ஞானத்தாய் ஆக்காத எரிச்சல் இன்னும் போகவில்லைப்போல. றிக்சன் கடிதத்தை வாசித்துவிட்டுச் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். துடைத்த இடத்தையே துடைக்கிறார்.

(இதற்குப் பிறகு எழுதுவது இரண்டு மணித்தியாலம் கழித்து.)

பின்னேர நித்திரையால் எழும்பினான். நான் படத்துக்கு முன்னால் கொண்டுபோகவில்லை. வேண்டுமென்றே சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தேன், வெள்ளைச் சுவர், ஒரு ஆணிகூட இல்லாத இடம்.

குனிந்தான்.

நான் "பற்றிக்" என்றேன். திரும்பவும் குனிந்தான். கையைப் பிடித்துப் பார்த்தேன். என் கைக்குள்ளேயே அந்தக் கை இழுத்தது. அது அவன் இழுக்கிற இழுவையில்லை. வேறு ஆரோ உள்ளேயிருந்து இழுக்கிறது மாதிரி. பத்தொன்பது தரம் எண்ணினேன். எண்ணிக்கொண்டிருக்கும்போது ஒரு பக்கம் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தது, இல்லை, கும்பிடுகிறான், கும்பிடுகிறான் என்று. மூன்று மாதத்துக்கு மேலாய்ப் பழைய இரண்டு இலக்கத்தைப் பார்த்தபடி இருந்தவள், முன்னாலிருந்த பிள்ளையைப் பார்க்கவில்லை.

ஆசுபத்திரிக்குப் போக வான் வந்துவிட்டது. றிக்சன் பையைத் தூக்குகிறார். நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் எடுக்காதீர்கள், எடுத்தால் நான் அழுவேன், பிள்ளை பயப்படும்.

சுதா


பெரியாசுபத்திரி, பிள்ளை வார்ட்டிலிருந்து,
05.02.2025

அன்புள்ள மச்சாள்,

இந்தத் தாளைக் கசக்கவில்லை.

நீங்கள் சொன்னது சரி. தலையில் கம்பிகள் ஒட்டி, நித்திரையாக்கி, மூளை ஓடுகிறதைக் கோடாக எடுத்தார்கள். நான் அந்தக் கோட்டைப் பார்த்தேன். பார்த்திருக்கக்கூடாது. ஒரு ஒழுங்கும் இல்லை. சந்தையில் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துகிற மாதிரி. அன்று காயப்பட்ட இடங்களில் மிஞ்சிப்போன கலங்கள்தான் இப்ப அடக்க ஆளில்லாமல் கத்துகின்றன என்று டொக்டர் சொன்னார். கிழமைகள் கணக்கில் பிந்தாமல் வந்தது நல்லது என்றார். எவ்வளவு நல்லது என்று கேட்டேன். மேசையிலிருந்த பேனையை எடுத்து மூடியைக் கழற்றி, திரும்பப் போட்டார்.

மருந்து தொடங்கி ஒன்பது நாள். முகம் ஊதிவிட்டது, எந்நேரமும் பசி, எந்நேரமும் சிணுக்கம். ஒரு கொப்பியில் எண்ணி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். வந்த அன்று அந்தக் குனிதல் ஏழு முறை தொடர்தொடராய் வந்தது. முந்தாநாள் மூன்று. நேற்று இரண்டு. இன்று விடிய ஒன்று. பதினாலு நாளுக்குள் முழுக்க நிற்கவேண்டும். ஒன்றுகூட மிஞ்சக்கூடாதாம். குறைந்தால் போதாது. நின்றாலும் திரும்ப வரலாமாம். அவன் கொட்டாவி விட்டாலும் நான் கொப்பியைத் தூக்குகிறேன். நித்திரையால் எழும்புகிற நேரம்தான் பயம். அவன் நித்திரை கொள்ள வேண்டும் என்று தாலாட்டுகிறேன், எழும்பக்கூடாது என்றும் நினைக்கிறேன். எந்தத் தாய் அப்படி நினைப்பா?

அந்த எண்பத்தைந்து நிமிஷத்தையும் டொக்டரிடம் கேட்டேன், தாளை நீட்டி, நேரம் நேரமாக. வாசித்துவிட்டுச் சொன்னார்: "37.4 காய்ச்சல் இல்லை அம்மா. ஆறு மணித்தியாலத்துக்குள்ள குளிர் தொடங்கியாச்சு. பிறக்க முதலே எவ்வளவு போனது, பிறகு எவ்வளவு போனது எண்டு பிரிச்சுச் சொல்ல உலகத்தில ஒரு மெசினும் இல்லை. போர்த்தாமல் விட்டிருந்தால் நல்லதுதான். அதால்தான் இப்பிடி எண்டு நான் சொல்லமாட்டன். இல்லை எண்டும் சொல்லமாட்டன்." இனி நான் அதோடுதான் இருக்கவேண்டும்.

இப்ப துணி.

நீங்கள் மஞ்சள் பிளனல், நீல மீன் என்று எழுதியபோதே எனக்கு எந்தத் துணி என்று தெரிந்தது. அந்த வரியை வாசித்துவிட்டு வாசிக்காதவள்போல் விட்டேன். பிள்ளை பிறக்க முதல் அவனுக்கென்று ஒன்றும் வாங்கக்கூடாது, தைக்கக்கூடாது என்று உங்கள் வீட்டிலும் வழக்கம், எங்கள் வீட்டிலும் வழக்கம். எனக்குப் பொறுக்கவில்லை. ஆருக்கும் தெரியாமல், றிக்சனுக்கும் தெரியாமல், அதைத் தைத்தேன். பொலித்தீனில் சுற்றி, ஆசுபத்திரிப் பையின் அடித்தட்டுக்குக் கீழே வைத்து ஊசி குத்தி மூடினேன். அப்படியொரு துணி உலகத்தில் இருக்கிறதென்று ஒரு ஆளுக்குத்தான் தெரியும், எனக்கு.

இங்கே வார்ட்டுக்கு வர அதே பையை அடுக்கும்போது அடித்தட்டைத் தூக்கிப் பார்த்தேன். பொலித்தீன் இருந்தது, ஊசி இருந்தது, துணி இல்லை.

அன்று பிள்ளையை எடுத்த ஒப்பரேஷன் முடிந்து வலிக்கு ஊசி போட்டிருந்தார்கள். எனக்கு ஞாபகமெல்லாம் துண்டு துண்டுதான். தள்ளுவண்டியில் அவனை என் கட்டிலடிக்குக் கொண்டுவந்தது ஞாபகம். வாசலில் அம்புலன்ஸ் சத்தம். நான் கை நீட்டிக் காலைத் தொட்டேன். பிறகு என்ன நடந்தது? நான்தானே அந்த ஊசியைக் கழற்றினேன்? நான்தானே தந்தேன்? என்ன சொல்லித் தந்தேன்?

கோயிலில் அத்தனை பேருக்கு முன்னால் நான் அப்படிச் சொன்னபோது நீங்கள் வாயைத் திறந்திருந்தால் என்ன, மச்சாள்?

றிக்சனுக்குச் சனிக்கிழமை தொடக்கம் வேலை. நான் தனியே. பயமாயிருக்கிறது. வருவீர்களா? எண்ணுகிறதுக்கு ஒரு ஆள் வேண்டும்.

சுதா


குச்சவெளி,
07.02.2025

சுதா,

ஓம், நீதான் தந்தாய். பையை இழுத்துத் தரச் சொன்னாய், நான் இழுத்துத் தந்தேன். ஊசியை நீயே கழற்றினாய், விரலில் குத்தி இரத்தம் வந்தது, உனக்குத் தெரியவில்லை. "மச்சாள், பிள்ளை குளிர்ந்துபோனான். வழியில போர்த்துங்கோ. என்னில சத்தியம் பண்ணுங்கோ" என்றாய். நான் உன் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினேன். வண்டியில் நேர்ஸ் வேண்டாம் என்றா. முதலில் அவ சொன்னபடிதான் இருந்தேன். யானை நிற்கும்போது உன் சொல் வென்றது. அவ்வளவுதான் கதை.

கோயிலில் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்கிறாய். உன்னைப் பார்த்தேன். நாலு மாதம் நித்திரை இல்லாத கண். அதற்குமேல் இதையும் தூக்கு என்று எப்படித் தருவேன்? எனக்கு உடம்பு பெலன், நான் தூக்கிக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன். புண்ணியம் என்று நினையாதே. வீட்டுக்கு வந்து என் மனுஷன் ஜக்சனோடு மூன்று நாள் கதைக்கவில்லை, சட்டி இரண்டை உடைத்தேன். உன் கடிதம் வந்தபோது எழுதிவிடுவோமா என்று பேனையை வைத்து வைத்து எடுத்தேன். துணியின் நிறத்தையும் மீனையும் மட்டும் எழுதினேன். மறைக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. அதுவும் சரியோ தெரியாது.

இனிப் பாதி பாதி என்று பிரிக்க வேண்டாம். டொக்டருக்கே பிரிக்க ஏலாத ஒன்றை நாங்கள் என்னவென்று பிரிப்பது? நீ குளிர்ந்த காலைத் தொட்டாய், நானும் தொட்டேன். தொட்ட ஆர்தான் சும்மா இருப்பார்?

நாளைக்கு முதல் பஸ்ஸில் வெளிக்கிடுகிறேன். தம்பலகாமத்தில் யானை நின்றாலும் இறங்கி நடந்து வருவேன் என்று எழுதத் தொடங்கினேன். அது பொய், யானைக்கு எனக்குப் பயம். மத்தியானத்துக்குள் வருவேன். நீ படுத்து நித்திரை கொள், அவன் எழும்புகிற நேரம் நான் எண்ணுகிறேன். கொப்பியில் என் எழுத்து விளங்காவிட்டால் கோடு போடுகிறேன். பூச்சியம் போடுகிற நாளும் நான்தான் போடுவேன், அதை மட்டும் எனக்குத் தா. றுக்கியா உனக்கு ஒரு போத்தல் தேன் தந்திருக்கிறா. கதைக்க வரவில்லை, வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டா. வீடியோவை இன்னொரு தரம் காட்டச் சொல்லவுமில்லை.

அந்தத் துணி என் அலுமாரியில்தான் இருக்கிறது. எட்டு மாதமாய்த் தோய்க்கவில்லை, தோய்க்க மனம் வரவில்லை. நேற்றுத் தோய்த்துக் காயப்போட்டேன். கொண்டுவருகிறேன்.

வார்ட்டில் ஃபான் பலமாயிருக்கும், பிள்ளையின் கால் குளிரும். குளிர்ந்தாலும் பொறு. போர்த்தலாமா என்று நேர்ஸைக் கேட்போம். வேண்டாம் என்றால், ஏன் என்றும் கேட்போம்.

அக்கா